கட்சியும் கடிதமும்: நியூயோர்க் மாநில அரசியலின் ஒரு காலப்பகுதி

அரசியல் வரலாற்றைக் கற்போர் சட்டங்களையும், தேர்தல் முடிவுகளையும், மேடைப் பேச்சுக்களையுமே பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்வர். இவை யாவும் பலரறிய நிகழ்ந்தவை. பலரறியப் பேசுவோர் தம் சொல்லை அளந்தே பேசுவர். தம்மோடு ஒத்த கருத்துடைய ஒருவருக்குத் தனிமையில் எழுதும் கடிதத்திலேயே அவர்தம் உள்ளக் கிடக்கை வெளிப்படும். அக்கடிதம் பிறர் கண்ணிற் படுமாயின், மேடையிற் கேட்ட சொல்லையும் மடலிற் கண்ட சொல்லையும் பொதுமக்கள் அருகருகே வைத்து நோக்கும் நிலை உண்டாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய நிலை பன்முறை ஏற்பட்டது. அதனால் சிலர் பதவி இழந்தனர். சிலர் நீதிமன்றம் ஏறினர். நியூயோர்க் மாநிலத்தைச் சிறப்பாகக் கொண்டு இவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாநிலமும் கட்சியதிபரும்

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலம் ஒவ்வொன்றும் தனக்கென அரசியல் யாப்பும், ஆளுநரும், சட்டசபையும் உடையது. புகையிரதக் கம்பனிகளுக்கு உரிமை வழங்கல், காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்தல், தெருக்களில் வாயுக்குழாய் பதிக்க அனுமதித்தல் போன்ற பெருஞ் செல்வத்தோடு தொடர்புடைய கருமங்கள் பல மாநில அரசின் கையிலேயே இருந்தன. அன்றியும், செனற் எனப்படும் மத்திய மூதவையின் உறுப்பினரை 1913 ஆம் ஆண்டுவரை மாநிலச் சட்டசபைகளே தெரிவு செய்தன. ஆகவே, மாநிலச் சட்டசபையைத் தன் கையில் வைத்திருப்பவன் உள்ளூர் ஆட்சியையும் தலைநகர் அரசியலையும் ஒருங்கே அசைக்க வல்லவனானான்.

அச்சட்டசபையைக் கைக்கொள்ளும் வழி யாது? வாக்காளர் தேர்தல் நாளில் இரு கட்சியின் வேட்பாளருள் ஒருவரைத் தெரிந்தனரேனும், அவ்வேட்பாளரை நியமித்தது கட்சி மகாநாடேயாம். மகாநாட்டுக்கு வருவோரைத் தெரிந்தவர் ஊர்தோறும் இருந்த கட்சித் தலைவர்கள். அவர்களைப் பதவிகளாலும் பணத்தாலும் ஒரு கயிற்றிற் கோத்து வைத்திருந்தவரை மக்கள் 'பொஸ்' என அழைத்தனர். கட்சியதிபர் எனத் தமிழில் அவரைக் குறிக்கலாம். கம்பனிகள் தேர்தற் செலவுக்கென அவரிடம் பணம் கொடுத்தன. அவர் அதனை வேட்பாளர்களுக்குப் பகிர்ந்தார். வெற்றி பெற்றோர் அவருக்குக் கடன்பட்டவராயினர். கம்பனிகளுக்குத் தீமை பயக்கும் மசோதாக்கள் சட்டசபைக் குழுக்களிலேயே உறங்கின. இவ்வொழுங்கில் எவரும் எவருக்கும் வெளிப்படையாகக் கையூட்டுக் கொடுத்தார் என்று சொல்ல இயலாது. அதனாலேயே அதனைச் சட்டத்தாற் பிடித்தல் அரிதாயிற்று.

நியூயோர்க்கிற் குடியரசுக் கட்சியின் அதிபராக விளங்கியவர் தோமஸ் கொலியர் பிளாற். 1833 இல் ஒவிகோ என்னும் சிற்றூரிற் பிறந்த இவர், பொருட்களைக் கொண்டுசெல்லும் கம்பனியொன்றின் தலைவர். 1897 முதல் 1909 வரை மூதவை உறுப்பினர். உரத்துப் பேசாது, அதட்டாது, மெல்லென நடந்து கருமம் முடிக்கும் இயல்பினராதலின் 'இலகுவான அதிபர்' என்னும் பெயர் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நியூயோர்க் நகரிலிருந்த ஐந்தாம் அவெனியூ ஹோட்டலில் அவர் தம்மவரைக் கூட்டி ஆலோசிப்பது வழக்கம். அக்கூட்டத்தை 'ஞாயிறு பள்ளி' என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின.

கடிதம் இன்றியமையாததாகிய காரணம்

மறைவில் நடக்கும் கருமங்களுக்கு வாய்ச்சொல்லே பாதுகாப்பானது. அவ்வாறாயின் இவ்வதிபர்கள் ஏன் கடிதம் எழுதினர்? முதற் காரணம் தூரமாகும். மாநிலத் தலைநகராகிய அல்பனி, நியூயோர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 145 மைல் வடக்கே உள்ளது. ஆளுநரும் சட்டசபையும் அங்கிருந்தனர். பணமும் கட்சி அலுவலகமும் நகரில் இருந்தன. பிளாற்றோ மூதவை கூடும் மாதங்களில் வாஷிங்டனில் இருந்தார். தொலைபேசி இருந்ததாயினும், நுணுக்கமான பேரங்களைப் பேசி முடிக்க அது போதியதன்று. புகையிரதத்தில் நாள்தோறும் சென்ற தபாலே இம்மூன்று இடங்களையும் இணைத்தது.

இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு படி எஞ்சியது. கடிதத்தின் மேல் ஈரமாக்கிய மெல்லிய தாளை வைத்து இரும்பு அழுத்தியில் நெருக்கினால் மை ஊறி எழுத்துப் பதியும். அத்தகைய தாள்களைக் கட்டிய படிப்புத்தகங்கள் அலுவலகங்களிற் பேணப்பட்டன. தட்டச்சுப் பொறியும் கரித்தாளும் இவ்வேலையை மேலும் எளிதாக்கின. சுருக்கெழுத்தாளர், தட்டச்சாளர், ஏவலாளர் எனக் கடிதத்தைக் காணும் கண்களும் பெருகின. இருவருக்கென எழுதப்பட்ட மடலைப் பலர் அறிய நேர்ந்தது. எழுதியவர் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆளுநரும் அதிபரும்

1898 ஆம் ஆண்டுத் தேர்தலிற் கால்வாய்ப் பணச்செலவு பற்றிய குற்றச்சாட்டுக்களாற் குடியரசுக் கட்சி தளர்ந்திருந்தது. கியூபாப் போரிற் புகழ்பெற்று மீண்ட தியடோர் றூஸ்வெல்ற்றைப் பிளாற் விருப்பின்றியே வேட்பாளராக ஏற்றார். றூஸ்வெல்ற் 17,794 வாக்குகள் என்னும் சிறு பெரும்பான்மையால் வென்று, 1899 சனவரியில் ஆளுநரானார். கட்சியதிபரை முற்றாகப் பகைத்தால் சட்டசபையில் ஒரு சட்டமும் நிறைவேறாது; முற்றாகப் பணிந்தால் தம் பெயர் கெடும். ஆதலின் அவர் நடுவழி ஒன்றை மேற்கொண்டார். பிளாற்றை நகரிற் சென்று கண்டு, அவருடன் காலையுணவு அருந்தி, நியமனங்களைப் பற்றிக் கலந்தாலோசித்தார். அதனை மறைக்கவுமில்லை.

அவ்வாண்டு இருவருக்கும் முரண்பாடு முற்றியது. திராம், வாயு, மின்சாரம், தொலைபேசி முதலியவற்றை நடத்திய கம்பனிகள் பொதுத்தெருக்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றுப் பெரும் இலாபம் ஈட்டின. அவ்வுரிமையையும் சொத்தாகக் கொண்டு வரி விதித்தல் வேண்டுமென்னும் மசோதாவை றூஸ்வெல்ற் ஆதரித்தார். சட்டசபை அதனை நிறைவேற்றியது. 1899 மே 6 ஆம் நாள் பிளாற் அவருக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். அதில் வசைச் சொல் ஒன்றேனும் இல்லை. தந்தை மகனுக்கு எழுதுவது போன்ற பரிவு தோன்ற, முதலுக்கும் தொழிலுக்கும் உள்ள உறவு பற்றியும் பெருங்கம்பனிகள் பற்றியும் றூஸ்வெல்ற்றின் கொள்கைகள் சற்றுத் தளர்வானவை எனத் தாம் முன்னரே அஞ்சியதை அவர் நினைவூட்டினார். ஒருவன் தன் தொழிலைத் தன் விருப்பப்படி நடத்தும் உரிமையைப் பத்துக் கட்டளைகளும் தண்டனைச் சட்டக்கோவையுமே வரையறுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. மசோதாவுக்கு ஒப்பமிடல் ஆகாது என்பதே கடிதத்தின் முடிபு.

மே 8 ஆம் நாள் றூஸ்வெல்ற் மறுமொழி எழுதினார். கூட்டத்தாரைத் தூண்டிவிடும் கிளர்ச்சியாளரைக் குடியரசுக் கட்சி எதிர்ப்பது போலவே, கம்பனிகளின் தகாத செல்வாக்கையும் எதிர்த்தல் வேண்டும். அதுவே கட்சிக்கும் நன்மை எனப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரைத்தார். பின்னர் மே 22 இல் விசேட கூட்டத்தொடரைக் கூட்டி மசோதாவிற் சில திருத்தங்களுக்கு இணங்கி, மே 27 இல் அதனைச் சட்டமாக்கினார். கொள்கையை விடாது முறையில் விட்டுக்கொடுத்தல் என்னும் அவர்தம் போக்கு இதனாற் புலனாகும்.

1900 தொடக்கத்தில் இன்னொரு பிணக்கு எழுந்தது. காப்புறுதி மேற்பார்வையாளராகிய லூயிஸ் பெயின் என்பவர், தம் கடமையோடு முரண்படும் வகையில் நிதிக்கம்பனியொன்றிடம் நான்கு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கடன் பெற்றிருந்தமை தெரிய வந்தது. அவரை மீண்டும் நியமிக்குமாறு பிளாற் வற்புறுத்தினார், றூஸ்வெல்ற் மறுத்தார். ஆயினும் பிளாற்றின் ஆதரவாளருள் நேர்மையான ஒருவரையே அப்பதவிக்குத் தெரிந்தெடுத்தார். இவ்வெற்றியின் பின் சனவரி 26 ஆம் நாள் ஹென்றி ஸ்பிறேக் என்பாருக்கு எழுதிய கடிதத்திலேதான், மெல்லப் பேசிப் பெருந்தடியைக் கையில் வைத்திருத்தல் வேண்டுமென்னும் மூதுரையை அவர் குறிப்பிட்டார். பிற்காலத்தில் அவர்தம் வெளிநாட்டுக் கொள்கையின் சின்னமாக உலகெங்கும் பேசப்பட்ட இவ்வாசகம், மாநிலப் பதவியொன்றைப் பற்றிய உட்கட்சிப் பிணக்கிற் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

இத்தகைய ஆளுநரை மாநிலத்தினின்றும் அகற்ற விரும்பிய பிளாற், 1900 இல் அவரை உபசனாதிபதி வேட்பாளராக்கத் துணை நின்றார். 1901 செப்தெம்பரிற் சனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறக்க, றூஸ்வெல்ற் சனாதிபதியானார். அகற்ற எண்ணிய கை அவரை உயர்த்திவிட்டது.

களவாடப்பட்ட மடல்கள்

1905 இல் நியூயோர்க் சட்டசபைக் குழுவொன்று காப்புறுதிக் கம்பனிகளின் நடைமுறைகளை விசாரித்தது. குழுவின் சட்டத்தரணியாகிய சாள்ஸ் இவான்ஸ் ஹியூஸ் வினவிய வினாக்களுக்கு விடையாக, அக்கம்பனிகளிடமிருந்து மாநிலத் தேர்தற் செலவுக்குப் பணம் பெற்றமையைப் பிளாற் ஒப்புக்கொண்டார். 1904 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலுக்குக் காப்புறுதிக் கம்பனியொன்று ஏறத்தாழ 48,000 டொலர் கொடுத்ததும் வெளிவந்தது. 1907 சனவரியில், மத்திய தேர்தல்களுக்குக் கம்பனிகள் பணம் வழங்குதலைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது.

அவ்வாண்டு ஏப்பிரில் 2 ஆம் நாள் நியூயோர்க் பத்திரிகையொன்று புகையிரத முதலாளி எட்வேட் ஹரிமன் எழுதிய அந்தரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட அவர்தம் சுருக்கெழுத்தாளர் அதனை விற்றிருந்தார். றூஸ்வெல்ற்றின் வேண்டுகோளின்படி 1904 இல் நியூயோர்க் மாநிலக் கட்சிக்குத் தாம் 2,50,000 டொலர் திரட்டிக் கொடுத்ததாக ஹரிமன் அதில் எழுதியிருந்தார். றூஸ்வெல்ற் சினந்து, அது தமக்கென அன்று, மாநில ஆளுநர் தேர்தலுக்கென்றே திரட்டப்பட்டது என மறுத்தார். ஆயினும் 1904 ஒக்ரோபரில் அவர் ஹரிமனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் இருவரும் நடைமுறை அறிந்தோர் எனக் குறிப்பிட்டிருந்தமை அவருடைய எதிரிகளுக்கு நல்வாய்ப்பாயிற்று. பிறர் மடலாற் பிறரைச் சுட்டிய காலம் போய், அவருடைய மடலே அவரைச் சுட்டலாயிற்று.

1908 செப்தெம்பர் 17 ஆம் நாள், பத்திரிகை அதிபர் வில்லியம் றண்டோல்ப் ஹேர்ஸ்ற் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் மேடையில் வேறு சில கடிதங்களை வாசித்தார். அவை ஸ்ராண்டட் எண்ணெய்க் கம்பனியின் ஜோன் ஆர்ச்போல்ட், ஒகையோவின் மூதவை உறுப்பினர் ஜோசப் போரேக்கருக்கு எழுதியவை. 15,000 டொலர், 14,500 டொலர் எனத் தொகைகள் அவற்றிற் குறிக்கப்பட்டிருந்தன. கம்பனிக்கு ஆகாத மசோதாக்களைக் கவனிக்குமாறும் எழுதப்பட்டிருந்தது. தாம் அக்கம்பனியின் சட்டத்தரணியாகப் பெற்ற ஊதியமே அது என்றும், 50,000 டொலர் பற்றிய கடிதம் பத்திரிகையொன்றை வாங்க எடுத்துத் திருப்பிக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பற்றியது என்றும் போரேக்கர் விளக்கினார். அக்காலச் சட்டம் அத்தகைய ஊதியத்தைத் தடுக்கவில்லை. ஆயினும் மக்கள் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 1909 இல் அவர் மூதவையை விட்டு நீங்கினார்.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கவை இரண்டு. ஆர்ச்போல்டின் அலுவலகத்து ஊழியர் திருடி விற்ற அம்மடல்களை ஹேர்ஸ்ற் சில ஆண்டுகள் கைவசம் வைத்திருந்து, தமக்கு வாய்ப்பான தேர்தற் காலத்தில் வெளியிட்டார். உண்மையை வெளிப்படுத்திய கை தூயதன்று. மற்றையது, 1906 இல் ரெக்சாஸ் மாநிலத்துப் பிறவுண்ஸ்வில் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக, நீதி விசாரணையின்றி 167 கறுப்பினப் போர்வீரரை றூஸ்வெல்ற் படையினின்றும் நீக்கியபோது, அவர்களுக்காக மூதவையில் முன்னின்று வாதாடியவர் இப்போரேக்கரே. அவ்வீரர் குற்றமற்றோர் என 1972 இல் அமெரிக்கப் படைத்துறை ஏற்றுக்கொண்டது. கம்பனிப் பணம் பெற்றவர் நீதிக்காகப் போராடினார்; கம்பனிகளை எதிர்த்தவர் அநீதி இழைத்தார். ஒருவர் கடிதங்களுட் சிலவற்றை மட்டும் கண்டு அவர்தம் வாழ்வு முழுவதையும் அளந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சிரக்கியூஸ் வழக்கு

1910 இற் பிளாற் காலமானார். நியூயோர்க்கிற் குடியரசுக் கட்சியின் தலைமை, அல்பனியிற் பத்திரிகை நடத்திய வில்லியம் பார்ன்ஸ் என்பாரிடம் சேர்ந்தது. மகாநாடுகளுக்குப் பதிலாக வாக்காளரே வேட்பாளரை நேரடியாகத் தெரியும் முறையை, 1907 இல் ஆளுநரான ஹியூஸ் கொணர முயன்றபோது பார்ன்ஸ் எதிர்த்தார். 1910 இல் றூஸ்வெல்ற் அதனை ஆதரித்தார். 1911 இற் சனநாயகக் கட்சியின் அதிபர் சாள்ஸ் மேர்பி, வில்லியம் ஷீகன் என்பாரை மூதவைக்கு அனுப்ப முயன்றார். அக்கட்சியின் இளம் உறுப்பினர் பிராங்ளின் றூஸ்வெல்ற்றின் தலைமையிற் சிலர் மறுத்தனர். இரண்டு மாதங்களுக்கு மேலாகச் சட்டசபை முடங்கிப் பின்னர் வேறொருவர் தெரிவானார்.

1914 யூலை 22 ஆம் நாள் தியடோர் றூஸ்வெல்ற் வெளியிட்ட அறிக்கையில், பார்ன்ஸும் மேர்பியும் வெளியே பகைவர் போல நடித்து உள்ளே கூடி இயங்குகின்றனர் எனச் சாடினார். பார்ன்ஸ் மானநட்டமாக 50,000 டொலர் கோரி வழக்குத் தொடர்ந்தார். 1915 ஏப்பிரில் 19 ஆம் நாள் சிரக்கியூஸ் நகரில் விசாரணை தொடங்கிற்று.

பார்ன்ஸின் சட்டத்தரணி வில்லியம் ஐவின்ஸ், றூஸ்வெல்ற்றைப் பல நாட்கள் குறுக்கு விசாரணை செய்தார். பழைய பிளாற்–றூஸ்வெல்ற் கடிதங்களே அவர் கையாண்ட படைக்கலம். கட்சியதிபரைக் குறை கூறும் இவர்தாமே ஆளுநராக இருந்தபோது நியமனங்களுக்கும் சட்டங்களுக்கும் அதிபரின் கருத்தைக் கேட்டு எழுதியவர் அல்லரோ என்பதே ஐவின்ஸின் வாதம். தாம் ஆலோசித்ததை றூஸ்வெல்ற் மறுக்கவில்லை. ஆலோசித்தல் வேறு, பணிதல் வேறு என்பதே அவர் விடை. வரிமசோதா பற்றிய இரு கடிதங்களையும் அவர் 1913 இலேயே தம் சுயசரிதையில் அச்சிட்டிருந்தார். எதிரி வெளியிடுமுன் தாமே வெளியிட்டமை அவருக்குக் கேடயமாயிற்று. அப்போது மத்திய அரசின் கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த பிராங்ளின் றூஸ்வெல்ற், 1911 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் பற்றி அவர் பக்கத்திற் சாட்சியமளித்தார்.

விசாரணை நடந்துகொண்டிருக்கையில், மே 7 ஆம் நாள் ஜெர்மனிய நீர்மூழ்கி லூசிற்றேனியாக் கப்பலை மூழ்கடித்தது. யூரருள் ஜெர்மனிய வழிவந்தோரும் இருந்தனர் என்பதை அறிந்தும் றூஸ்வெல்ற் அச்செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். மே 22 ஆம் நாள் யூரர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர்.

கடிதங்கள் உணர்த்துவன

மேற்கூறியவற்றால், அந்தரங்க மடல் மூவகையில் வெளிச்சத்துக்கு வந்தமை தெளிவாகும். எழுதியவரே அச்சிட்டமை ஒன்று. ஊழியர் களவாடி விற்றமை மற்றொன்று. நீதிமன்றத்திற் சான்றாக வாசிக்கப்பட்டமை பிறிதொன்று. முதல்வகையில் எழுதியவர் தமக்கு ஏற்றதையே தெரிந்தெடுப்பர். இரண்டாம் வகையில் விற்றவரும் வாங்கியவரும் தமக்கு வேண்டியதையே காட்டுவர். மூன்றாம் வகையிலேயே இரு திறத்தாரும் எதிரெதிர் நின்று ஒரே கடிதத்துக்குப் பொருள் கூற, பிறர் கேட்டுத் தீர்மானிக்கும் வாய்ப்பு உண்டு. வரலாற்று மாணவன் பின்பற்ற வேண்டிய நெறியும் இதுவே. எழுதியவர் யார், பெற்றவர் யார், வெளியிட்டவர் யார், அதன்பின் நிகழ்ந்த செயல் யாது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே கடிதத்தைச் சான்றாகக் கொள்ளல் தகும். பிளாற்றின் கடிதத்தை மட்டும் வாசிப்போர் ஒரு முதியவரின் பரிவையே காண்பர். மசோதாவைச் சட்டமாக்கிய ஒப்பத்தோடு சேர்த்து வாசிக்கும்போதே அம்மென்மையின் உள்ளே இருந்த அழுத்தமும், அதனைத் தாங்கிய உறுதியும் புலனாகும்.

1913 ஏப்பிரிலில் யாப்பின் பதினேழாவது திருத்தம் உறுதியாக்கப்பட்டு, மூதவையினரை மக்களே தெரியும் முறை நாடெங்கும் ஏற்பட்டது. அவ்வாண்டு இறுதியில் நியூயோர்க் மாநிலம் முழுவதற்கும் நேரடி வேட்பாளர் தெரிவுச் சட்டம் நிறைவேறியது. இவை கடிதங்களால் மட்டும் விளைந்தன அல்ல. பல்லாண்டு முயற்சியின் பயன்கள். எனினும், கட்சியதிபரின் ஆட்சி எவ்வாறு நடைபெற்றது என்பதைப் பொதுமக்களுக்கு அவ்வதிபர்களின் சொற்களாலேயே உணர்த்தியவை இம்மடல்களே.

றூஸ்வெல்ற் தம் வாழ்நாளில் இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்களை எழுதினார் எனக் கணிக்கப்பட்டுள்ளது. 1917 முதல் அவர்தம் ஆவணங்கள் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. 1951 முதல் 1954 வரை அவருடைய கடிதங்கள் எட்டுத் தொகுதிகளாக அச்சேறின. தமக்குப் பெருமை தருவனவற்றோடு சிறுமை தருவனவும் அவ்வாவணங்களுள் இருக்கின்றன. சிரக்கியூஸ் நகரத்து யூரர் பன்னிருவரும் ஒரு முதியவர் ஓர் ஆளுநருக்கு மறைவாக எழுதியவற்றைக் கேட்டுத் தாமே தீர்மானித்தனர். அவர்களுக்குக் கிடைத்த அவ்வுரிமை, அவ்வாவணங்கள் பேணப்பட்டமையால், பின்வந்த மாணவர் யாவருக்கும் கிடைத்துள்ளது.